கேஸ் நோட்டு

போன மாசம் ஒரு பொண்ணு, காலேஜ் இப்பதான் முடிச்சிருக்கு, "அண்ணா நீங்க எப்படி சஸ்டைனபிளிட்டி ஃபீல்டுக்குள்ள வந்தீங்க"ன்னு கேட்டுச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. தண்டையார்பேட்டைல எங்க தெருவுல போய் நான் க்ளைமேட் வேலை பாக்குறேன்னு சொன்னா "இன்னாபா, ஏசி ரிப்பேரு வுட்டுட்டியா"ன்னு கேப்பாங்க. விடல, அதே ஏசி ரிப்பேர்தான். அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ ட்ரெயினிங் அது இதுன்னு சொல்லி சமாளிச்சுட்டேன். திருடன்ற சந்தேகத்துல மாட்டிதான் இந்த பக்கம் வந்தேன்னு போன்ல எப்படி சொல்றது, அதான் இங்க எழுதுறேன்.

2008ல ஐடிஐ முடிச்சுட்டு ராயபுரம் பக்கம் ஒரு சர்வீஸ் கடைல ஹெல்பரா சேந்தேன். அப்ப எல்லாம் ஏசிக்குள்ள சுத்துற கூலிங் கேஸ்னா ட்வென்டி டூதான், அதாவது ஆர்-22. ஒரு வருஷம் போயிருக்கும், முதலாளிக்கு சிலிண்டர் கணக்கு இடிக்குது, எவனோ கேஸை வெளில விக்கிறான்னு சந்தேகம், புதுசா வந்தவன் நான், என் மேலதான் கண்ணு. நேரா சொல்லல, ஆனா சாயங்காலம் நான் பையை தூக்குனா "பையில இன்னாடா"ன்னு கேப்பாரு. அந்த ரோஷத்துல ஒரு நாப்பது பக்க கோடு போட்ட நோட்டு வாங்கி ஒவ்வொரு வேலைக்கும் தேதி, தெரு, எத்தனாவது மாடி, எத்தனை டன் ஏசி, கேஸ் போடுறதுக்கு முன்னாடி சிலிண்டர் வெயிட் எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு எழுத ஆரம்பிச்சேன். வெயிட் போட தராசு வேணுமே, கடைல கிடையாது. எங்க சித்தி காசிமேட்டுல மீன் விக்குறவங்க, அவங்க ஓரமா போட்டு வெச்சிருந்த பழைய எலெக்ட்ரானிக் தராசை வாங்கிட்டு வந்தேன். எவ்ளோ கழுவுனாலும் வஞ்சிரம் வாசனை போகல, கஸ்டமர் வீட்டு ஹால்ல வெச்சா மூக்கை பொத்துவாங்க.

மூணு மாசம் எழுதுனதுல தெரிஞ்சுது, திருடன்னு யாரும் இல்ல. இண்டோர் யூனிட்டை கழட்டணும்னா பைப்பை இணைக்கிற ஃப்ளேர் நட்டை லூஸ் பண்ணி ஸ்ஸ்ஸ்னு மொத்த கேஸையும் வெளில விட்டுடுவோம், வேலை முடிஞ்சதும் சிலிண்டர்லேருந்து ஃபுல்லா புதுசு ஏத்துவோம். எங்க அண்ணன், எனக்கு வேலை கத்துக்குடுத்தவரு, அப்படித்தான் செய்வாரு, அவருக்கு கத்துக்குடுத்தவரும் அப்படித்தான். மொட்டை மாடில அந்த சத்தம் கேட்டா டீ குடிக்க போலாம்னு அர்த்தம். முதலாளி நோட்டை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சாரி எல்லாம் கேக்கல, அடுத்த நாள்லேருந்து பையை பத்தி கேக்குறதை நிறுத்திட்டாரு. நான் மட்டும் எழுதுறதை நிறுத்தல, பழக்கமாயிடுச்சு.

அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு ஒரு ரெண்டு நாள் மெக்கானிக் ட்ரெயினிங். சாப்பாடு போடுறாங்கன்னுதான் போனேன், பொய் சொல்லல. ஓசோன் ஓட்டை, ஓசோனை கெடுக்குற கேஸை குறைக்க நாடுங்க போட்ட 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் எல்லாம் ஐடிஐலயே கேட்டு தூங்குன கதைதான். ஆனா அந்த சார் போர்டுல ஒரு கணக்கு போட்டாரு. ஒரு கிலோ ஆர்-22 காத்துல போனா, நூறு வருஷ கணக்குல பாத்தா, சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிச்சா வர்றது 2.3 கிலோ. நான் பின் பெஞ்ச்ல உக்காந்து போன்ல வகுத்து பாத்தேன், 780 லிட்டர் வருது. என் பைக் லிட்டருக்கு 50 குடுக்கும்னா 39,000 கிலோமீட்டர், நான் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுறவன், ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓட்டணும். அதை ஒரு நட்டை லூஸ் பண்ணி டீ குடிச்சுட்டு வர்ற நேரத்துல முடிச்சிருக்கேன். அன்னிக்கு நைட்டு பழைய நோட்டு எல்லாம் எடுத்து கூட்ட ஆரம்பிச்சேன், நாலாவது நோட்டோட நிறுத்திட்டேன், தூக்கம் வரல.

சரி, விடாம எப்படி வேலை செய்யுறதுன்னா, ரொம்ப சிம்பிளான விஷயம் ஒண்ணு இருக்கு, பம்ப் டவுன். ஏசியை கூலிங்ல ஓட விட்டு, அவுட்டோர்ல சின்ன பைப் வால்வை ஆலன் கீ போட்டு மூடணும், கேஸ் எல்லாம் அவுட்டோருக்குள்ள போய் சேரும், பிரஷர் கேஜ் முள்ளு ஜீரோகிட்ட வந்ததும் பெரிய பைப் வால்வையும் மூடிட்டு உடனே ஆஃப். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா லைன்ல ஓட்டை இருந்தா பண்ணக்கூடாது, வெளிக்காத்தை உள்ள இழுத்துச்சுன்னா கம்ப்ரஸர் வெடிக்கிற அளவுக்கு போகும். அப்ப ரெக்கவரி மெஷின் போட்டு தனி சிலிண்டர்ல இழுக்கணும், அதுவும் 80 சதவீதத்துக்கு மேல ரொப்பக்கூடாது. நான் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்குனேன், வீட்ல சண்டை, அது வேற கதை.

எங்க ஏரியால பிரச்சினையே ஓட்டைதான். காசிமேடு, திருவொற்றியூர் கடலோர வீடுங்கள்ல உப்பு காத்து காயிலை, அதாவது கேஸ் ஓடுற பைப் சுருளை, தின்னுடும், அலுமினிய தகடு கை வெச்சா மாவா கொட்டும். மணலி பக்கம் போனா கம்பெனி காத்துல இருக்குற கந்தகத்துல செம்பு பைப் கருத்துப் போயிருக்கும். தென்சென்னைல வருஷக்கணக்கா ஓடுற அதே மாடல் இங்க ரெண்டு வருஷத்துல லீக்கு. ஜனங்க "கேஸ் தீந்துடுச்சுபா, போடு"ன்னு கூப்புடுவாங்க. கேஸ் தீராதுக்கா, அது அடுப்புல எரியுற கேஸ் இல்ல, உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்னு சொன்னா, காசு பிடுங்க பாக்குறான்னு நினைப்பாங்க. ஓட்டையை தேடி அடைக்கிறதுக்கு அரை நாள், சும்மா ஏத்திட்டு வர்றதுக்கு அரை மணி நேரம், எவன் அரை நாள் கூலி குடுப்பான்? இந்த இடத்துலதான் க்ளைமேட் பேச்சு எல்லாம் மாட்டிக்குது, என்னை கேட்டா.

நோட்டு வேலைக்கு வந்தது 2022 வாக்குல. அப்ப நான் தனியா செஞ்சுட்டு இருந்தேன், ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ் பில்டிங் சப் கான்ட்ராக்ட். 2022-23லேருந்து டாப் 1,000 லிஸ்டட் கம்பெனிங்க ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற செபிக்கு சுற்றுச்சூழல் கணக்கு குடுக்கணும்னு வந்துச்சு இல்ல, அதுல ஏசி கேஸ் லீக்கும் ஸ்கோப் 1ல, அதாவது கம்பெனி நேரடியா காத்துல விடுற கணக்குல, வரும். அந்த பில்டிங்ல வருஷத்துக்கு எத்தனை கிலோ ஏத்துனாங்கன்னு யாருக்கும் தெரியல, பில்லுல "கேஸ் ஃபில்லிங், 1 ஜாப்"னுதான் இருக்கு. என்கிட்ட மீன் தராசு நோட்டு. கூட்டுனா 62 கிலோ ஃபோர் டென், அதாவது ஆர்-410ஏ, இன்னொரு ஏசி கேஸ். அது ஒரு கிலோ போனா 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு மாதிரி, ஆக 129 டன். மேனேஜர் சார் ரொம்ப மரியாதையா பேசினாரு, "டாப்-அப் எல்லாத்தையும் லீக்குன்னு எடுக்கணுமா, கொஞ்சம் பாத்து போடுங்களேன்." உள்ள போனது எவ்ளோவோ அவ்ளோ வெளிய போயிருக்கு சார், நடுவுல யாரும் குடிக்கலன்னேன். அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் வரல. ஆனா அந்த கணக்கை எடுத்த ஆடிட் டீம்ல ஒருத்தர் நம்பர் வாங்கிட்டு போனாரு, அவர் மூலமா ஒண்ணு, அதுலேருந்து இன்னொண்ணு. இப்ப மாசத்துல பாதி நாள் லீக் பாக்குறதும் கேஸ் கணக்கு எழுதுறதும்தான், விசிட்டிங் கார்டுல என்ன போடுறதுன்னுதான் இன்னும் தெரியல.

மீதி பாதி நாள் இங்கதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தப்ப எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சே, எர்ணாவூர்ல ஒரு அக்கா வீட்ல தரையோட இருந்த அவுட்டோர் யூனிட்ல முழங்கால் உசரத்துக்கு கறுப்பு கோடு. மண்ணெண்ணெய் போட்டு துடைச்சாலும் விரல்ல ஒட்டுது. மோட்டார் போச்சு, ஆனா காயில் தப்பிச்சுது, உள்ள இருந்த 700 கிராமை இழுத்து சிலிண்டர்ல சேத்தேன். அந்த அக்கா பாத்துட்டு "ஊரே எண்ணெய்ல கெடக்குது, நீ ஒரு ஏசி காத்தை புடிச்சு டப்பால போட்டுக்கினு கீறியே தம்பி"ன்னாங்க. என்ன சொல்ல, கரெக்ட்டுதானே.

அதே மாசம் 26ந் தேதி ராத்திரி பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கண் எரிஞ்சு மூச்சு முட்டி ரோட்டுக்கு ஓடி வந்தாங்க, கடலுக்கு அடில போற பைப்ல அம்மோனியா லீக். எங்க பாடத்துல அம்மோனியா நல்ல பையன், பூமியை சூடாக்குற கணக்குல ஜீரோ, ஐஸ் ஃபேக்டரிங்கள்ல கூலிங் கேஸ் ரொம்ப காலமா அதுதான். ஒரு மீட்டிங்ல யாரோ அம்மோனியாதான் எதிர்காலம்னு ஸ்லைடு போட்டப்ப எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஸ்லைடை எண்ணூர்ல போட்டு காட்டுங்க சார்னு வாய் வரைக்கும் வந்து நின்னுடுச்சு, சொல்லியிருக்கலாம்.

இப்ப என்கூட ஒரு பையன் இருக்கான், வியாசர்பாடி, பத்தொம்பது வயசு. நோட்டு அவன் பொறுப்பு, தராசு மட்டும் சித்தியோடதுதான் இன்னும். நோட்டுல கடைசி கட்டம் எவ்ளோ கேஸ் வெளில போச்சுன்னு எழுதுறதுக்கு, அதுக்கு நான் வெச்ச தலைப்பு "காத்துல". போன வாரம் திருவொற்றியூர்ல மூணாவது மாடில ஹோஸ் கழண்டு கொஞ்சம் கேஸ் போயிடுச்சு, நான் கீழ டீக்கடைல இருந்தேன், எனக்கு தெரியவே தெரியாது. இறங்கி வந்து நோட்டை நீட்டுனான், வெயிட் ரெண்டும் போட்டிருக்கான், கடைசி கட்டம் மட்டும் காலி.

"150 கிராம் போச்சுண்ணா. இதையும் எழுதணுமா?"

"எழுதுபா"ன்னேன். காதுல சொருகி இருந்த பேனாவை எடுத்தான்.