ஒரு பாட்டில் ராமர் தீர்த்தம்

கார்த்திகை சோமவாரத்துக்குத் தீர்த்தமலை சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அரூரிலிருந்து 16 கிலோமீட்டர்தான், வண்டியை எடுத்தால் அரை மணி நேரம். ஆனாலும் நானாக நினைத்துக்கொண்டு கிளம்பியது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் பக்கத்து வீட்டு ஆயாதான் அனுப்பி வைக்கும்.

ஆயாவுக்கு முட்டி வலி, மலை ஏற முடியாது. அதனால் வில்வத்தை என் கையில் கொடுத்துவிடும். திங்கட்கிழமை வில்வம் பறிக்கக் கூடாதில்லையா, ஞாயிறு பகலிலேயே பறித்து ஈரத்துணியில் முடிந்து வைத்திருக்கும். முடிவதற்கு முன்னால் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மூன்று இதழும் முழுசாக இருக்க வேண்டும், பூச்சி அரித்தது, நுனி கருகியது எல்லாம் தனியாக ஒதுங்கிவிடும். "இதையெல்லாம் சாமி பார்க்கவா போகுது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நான் பார்க்கறேன்ல?" என்றது.

காசு கொடுத்து வாங்கிய தொட்டி ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. பெயின்ட் வாளி, எண்ணெய் டின், அடி ஓட்டையான குண்டான், எல்லாவற்றிலும் செடி. எங்கள் தெருவில் போர் தண்ணீர் ஒரே உப்பு, குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கத்தான் சரியாக இருக்கும், ஆகவே அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது எல்லாம் செடிக்குப் போகும். அதிலேயே கனகாம்பரம், நந்தியாவட்டை, டிசம்பர் பூ என்று பூத்துத் தள்ளும். பன்னீர் ரோஜா குச்சியைச் சாய்வாக வெட்டி நட்டு, மேல் நுனி காயாமல் இருக்க ஒரு உருண்டை சாணியை வைத்துவிடும், இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும். அதே மண், அதே சாணி, நான் வைத்த குச்சி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை!

ஆடியில் ஆயா போய்விட்டது. மகன் ஓசூரில் இருக்கிறார், வீட்டுச் சாவி எங்களிடம்தான்.

இந்த முறை வில்வம் நான்தான் பறித்தேன். ஆயா மாதிரி பார்க்க ஆரம்பித்தால் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

படியில் வழக்கம்போல் குரங்குகள். பையைப் பிடுங்கி வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையைப் போட்டுவிட்டுப் போனது ஒன்று. வில்வ முடிச்சு அவிழவில்லை, அது போதும். அருணகிரிநாதர் பாடிய தலம் இது. வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் திருப்புகழை முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். தீர்த்தகிரீஸ்வரருக்கு வில்வம் சாத்தியாயிற்று, வடிவாம்பிகையையும் கண்குளிரப் பார்த்துவிட்டு ராமர் தீர்த்தத்துக்கு வந்தேன். பாறை மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடம். மழை மாதம் வேறு, நல்ல வரத்து, தலையில் விழுந்ததும் மூச்சே நின்ற மாதிரி ஒரு குளிர்.

ராவணனைக் கொன்று திரும்பும்போது ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தாராம். கங்கை நீர் எடுக்கப் போன அனுமன் வரத் தாமதமாகவே, மலையில் அம்பு விட்டுத் தண்ணீரை வரவழைத்துக்கொண்டார். அப்புறம் வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் கொண்டுவந்த நீரை வீச, அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தம். இந்தக் கதையில் ஆயாவுக்கு ஒரு குறை உண்டு. "அத்தனை தூரம் தூக்கிட்டு வந்த தண்ணிய யாராச்சும் வீசுவாங்களா? ஒரு செடிக்கு ஊத்தியிருக்கலாம்."

பிரசாதம் என்று ஆயா கேட்பது இந்தத் தீர்த்தம் ஒரு பாட்டில்தான். உள்ளங்கையில் வாங்கி ஒரு வாய் குடிக்கும், தலையில் தெளித்துக்கொள்ளும், மீதி அத்தனையும் செடிக்கு. "உப்புத் தண்ணியவே குடிச்சிட்டுக் கிடக்குதுங்க கண்ணு, ஒருநாளாச்சும் நல்லது குடிக்கட்டும்." ஒரு லிட்டர் எல்லாச் செடிக்கும் எப்படிப் போதும்? பாட்டில் மூடியால் அளந்து, செடிக்கு ஒரு மூடி.

நானும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். கேட்டைத் திறந்தால் டிசம்பர் பூ ஊதா ஊதாவாகப் பூத்து, பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடந்தது. வில்வத்தடியில் ஆரம்பித்து மூடி மூடியாக ஊற்றிக்கொண்டே போனேன். கடைசியில் பெயின்ட் வாளியில் ஆடி மாதம் நான் நட்டு வைத்த ரோஜாக் குச்சி, சாணி காய்ந்து வெடித்து, ஒரு துளிர்கூட இல்லாமல் நின்றது. அதற்கு மட்டும் இரண்டு மூடி ஊற்றினேன்.