மூன்று பித்தளைக் குழாய்களும் ஒரு கல்வி வரியும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் நடத்தும் ஹார்டுவேர் கடைக்குக் கடந்த ஜூலையில் ஒரு தலைமையாசிரியை வந்து, அரை அங்குலப் பித்தளைக் குழாய் மூன்றும் டெப்லான் டேப் ஒரு சுருளும் வாங்கினார். பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு என்றார். வழக்கம்போல் பில் போடக் கணினிப் பக்கம் திரும்பினேன். "பில்லு வேணாம் அண்ணே, அதை வெச்சு யாருகிட்ட நான் பணம் கேக்குறது?" என்று சொல்லிவிட்டுத் தம் கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். பள்ளி மானியம் இன்னும் வரவில்லை என்றும், அது வந்து சேரும்போது அதற்கு முன் வாங்கிய பொருளின் பில்லை ஏற்கமாட்டார்கள் என்றும் விளக்கினார். பிளாஸ்டிக் குழாயாக வாங்கியிருந்தால் பாதி விலைகூட ஆகியிராது. ஆனால் பிள்ளைகள் திருகுகிற திருகலில் மூன்று மாதத்தில் கழுத்து முறிந்துவிடும் என்று அவரே சொல்லிப் பித்தளையாகக் கேட்டு வாங்கினார். தன் பணத்தில், தனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்தான் இப்படி எடைபோட்டுப் பார்க்கிறார். இத்தனை ஆண்டுக் கடை வியாபாரத்தில் நான் கண்டது இது.

அன்றிரவு என் தந்தை விட்டுப்போன ரசீதுக் கட்டைப் பிரித்தேன். கடலூர் 1866 முதல் நகராட்சி. 2021இல்தான் மாநகராட்சி ஆனது. நகராட்சிக் காலத்துப் பழைய ரசீதுகளில் சொத்து வரிக்குக் கீழே கல்வி வரி, நூலக வரி என்று தனித்தனியாக மையால் எழுதியிருக்கிறது. முன்னதற்கு 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும், பின்னதற்கு 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டமும் அடிப்படை. சொத்து வரி ஒரு ரூபாய் என்றால் அதன்மேல் பத்துக் காசு நூலகத்துக்கு. 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்கு மேல் 1,200 சதுர அடிக்குள் இருக்கும் என் வீட்டுக்கு 50 விழுக்காடு கூடியது. கட்டினேன், முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 5 விழுக்காட்டுச் சலுகையையும் விடாமல் வாங்கிக்கொண்டேன். இத்தனை காலமாகக் கல்வியின் பெயரால் இந்த வீடு கட்டிய பணத்தில் ஒரு ரூபாயாவது நான்கு தெரு தள்ளி இருக்கும் அந்தக் கழிப்பறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்குத்தான் அந்தக் கட்டில் விடை இல்லை.

நகராட்சிப் பள்ளி என்று பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிகளில் கட்டடம் உள்ளாட்சியுடையது. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் பள்ளிக் கல்வித் துறை. பராமரிப்புக்கான மானியமோ பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் வழியாக மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் வருகிறது. அந்த மானியம் தலையெண்ணிக்கையைப் பார்த்துத்தான் தரப்படுகிறது, அதுவும் படிக்கட்டு படிக்கட்டாக: 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. முப்பத்தோராவது பிள்ளை 15,000 ரூபாயைக் கொண்டுவருகிறாள், முப்பத்திரண்டாவது பிள்ளை ஒன்றையும் கொண்டுவருவதில்லை. தேர்ந்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக, இந்தச் சமக்ர சிக்‌ஷா நிதியில் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு வழக்கு. கெடில ஆற்றங்கரையில் ஒழுகும் ஒரு குழாய்க்கு டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவிலான பிணக்கு தீர வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

நான் சந்தைப் பொருளாதாரத்தை நம்புகிறவன். இதைத் தமிழ்நாட்டில் கல்வியைப் பற்றிப் பேசும்போது சொன்னால் முகம் சுளிப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. பின்னாளில் சந்தைப் பொருளாதாரத்துக்காகச் சுதந்திராக் கட்சி கண்ட ராஜாஜி, 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் வந்த காமராசரின் பள்ளிகளும் மதிய உணவும் வீட்டுக்கு வீடு நினைவில் இருக்கின்றன. என் தாயார் அந்த மதிய உணவை உண்டு படித்தவர். ஆகவே பொதுப்பணம் கல்விக்குச் செலவாகக் கூடாது என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தப் பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும், அவள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே போய்ச் சேரட்டும் என்பதே என் கட்சி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் முன்வைத்த கல்விச் சீட்டு (வவுச்சர்) யோசனையின் சாரமும் இதுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆந்திரத்தில் 5 மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான சீட்டைக் கொடுத்து, நான்காண்டுக்குப் பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அளந்து பார்த்தனர். தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் சீட்டுப் பெற்றவர்கள் முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளி என்றால் பிள்ளை தானாக மேலேறிவிடுவாள் என்று நம்பும் என் நண்பர்களுக்கு இது கசக்கும். ஆனால் அதே விளைவை அந்தத் தனியார் பள்ளிகள் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செய்தன. ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளம் பல மடங்கு குறைவு என்பதே அதற்கு முதற்காரணம். அந்தப் பகுதியை நான் கைதட்டி வரவேற்கவில்லை. மிச்சமாகும் பணத்தை எங்கே போடலாம் என்று கேட்கவாவது அந்தக் கணக்கு இடம் தருகிறது.

நம்மிடமும் கல்விச் சீட்டைப் போன்ற ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, செலவை அரசு திருப்பித் தரவேண்டும் என்கிறது. அதற்கும் மேலே சொன்ன அதே பிணக்குத்தான் குறுக்கே நின்றது: வழக்கமாகக் கோடையில் தொடங்கும் சேர்க்கை 2025இல் அக்டோபர் வரை இழுத்தது. பள்ளி தொடங்க வருகிறவரையும் நாம் சும்மா விடுவதில்லை. கிராம ஊராட்சியில் 3 ஏக்கர், மாநகராட்சியில் 6 கிரவுண்டு நிலம் வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்த விதி. கிராமத்தில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நன்றாகச் சொல்லித்தரக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் மூன்று ஏக்கருக்கு எங்கே போவார்? வாசலை இப்படிச் சாத்திவிட்டுத் தனியார் கட்டணம் ஏறிவிட்டதே என்று அங்கலாய்க்கிறோம்.

முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே நிலைமை இன்னும் விசித்திரம். 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் இன்றுவரை தேர்தல் இல்லை. ஐந்து நகராட்சிகளையும் கிராமப்புற உள்ளாட்சிகளான பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். பாகூரில் வீட்டுவரி கட்டும் என் மைத்துனருக்குக் கேள்வி கேட்கக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. 2023-24 தொடங்கி அங்கே ஆறாம் வகுப்பு முதலான அரசுப் பள்ளி வகுப்புகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாறின. மாறியது நல்லதாகவே இருக்கலாம். ஒரு ஆணையில் அத்தனை பள்ளிகளும் ஒரே பக்கம் திரும்பியதால், பழைய பாடத்திட்டமே போதும் என்று நினைத்த பெற்றோருக்கு அரசுப் பள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை. ஊருக்கு ஒரே கடை என்றால் கடைக்காரன் வைத்ததுதான் சரக்கு. கடைக்காரனான எனக்கே அது பிடிக்காது.

எங்களுக்கு 2022 முதல் கவுன்சிலர் இருக்கிறார். சென்ற மாதம் வார்டுக் கூட்டத்தில் எழுந்து, நம் வார்டில் கல்வி வரி எவ்வளவு வசூலானது, அதில் எந்தப் பள்ளிக்கு என்ன செலவானது என்று கேட்டேன். வார்டு வாரியாகக் கணக்கு இல்லை, மொத்தமாகக் கல்வி நிதியில் வரவு வைக்கிறோம் என்று உடன் வந்த அலுவலர் பொறுமையாகவே பதில் சொன்னார். மறுநாள் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறேன். முப்பது நாள் கெடு வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதற்கிடையில் தலைமையாசிரியை மறுபடி வந்து, கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிச் சென்றார். இந்த முறை பில்லை வற்புறுத்திக் கையில் கொடுத்தேன்.