மெக்சிகோவில் தங்கை கல்யாணம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தங்கை கல்யாணத்தை மெக்சிகோவில் வைத்ததற்குக் கடற்கரை காரணமில்லை. நாங்கள் இருக்கும் டாலஸில் வைத்தால் 400 பேரைக் கூப்பிட வேண்டும். கான்கூன் பக்கம் என்றால் 100 பேரோடு முடியும், யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது, விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவுதான் எங்கள் கணக்கு.

முதல் இடி தேதியில் விழுந்தது. அம்மா ஆவணி, ஐப்பசி, தை என்று முகூர்த்த நாள் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதிலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் உக்கிரம். வில்மா புயல் 2005-இல் கான்கூனைப் புரட்டிப் போட்டது சரியாக ஐப்பசியில். சரி, வைகாசியில் வைக்கலாமே என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் தங்கையும் மே மாதம் கான்கூன் பக்கத்து ஊரான பிளாயா டெல் கார்மென் போனோம். போட்டோவில் பளிங்கு மாதிரி இருந்த கரை முழுக்கப் பழுப்பாக சர்காசம் என்கிற கடல்பாசி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, அழுகின முட்டை நாற்றம். காலையில் டிராக்டர் வைத்து அள்ளுகிறார்கள், சாயங்காலம் மறுபடி ஒதுங்கிக் கிடக்கிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை எந்த வாரம் வேண்டுமானாலும் இப்படி ஆகலாம் என்று தோட்ட வேலை பார்ப்பவர்கூடச் சொன்னார், அறை விற்கிறவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சியது தை. அங்கே சீசன் உச்சம் அப்போதுதான், வாடகையும் உச்சம்.

லக்னம் இன்னொரு கூத்து. கான்கூன் இருக்கிற கின்டானா ரோ மாநிலம் 2015-இல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது, மெக்சிகோ சிட்டியை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஐயர் தலைநகரத்துக்குக் கணித்து அனுப்பிவிட்டார். மாமா கவனிக்காமல் விட்டிருந்தால் ராகு காலத்தில் தாலி ஏறியிருக்கும்.

சட்டப்படி அங்கே கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1859-லிருந்து மெக்சிகோவில் அரசுப் பதிவாளர் முன் நடப்பதற்குத்தான் மதிப்பு, சர்ச்சில் நடந்தாலும் அக்னி முன் நடந்தாலும் சட்டத்துக்குக் கணக்கில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் அத்தாட்சி), அங்கீகாரம் பெற்ற ஆள் செய்த ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, நான்கு சாட்சிகள், பல மாநிலங்களில் ரத்தப் பரிசோதனை வேறு. நாங்கள் அந்த வம்புக்கே போகவில்லை. டெக்சாஸில் கல்யாண லைசென்ஸ் வாங்கி, 72 மணி நேரம் காத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். பெரியம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

விசா பெரிய தலைவலி இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. அது இல்லாத சித்தப்பா மட்டும் டெல்லி தூதரகத்தில் விசா வாங்கி, இஸ்தான்புல் வழியாகச் சுற்றி வந்தார்.

கடற்கரையில் மணவறை என்ற ஆசையையும் நாங்களே கைவிட்டோம். மெக்சிகோவில் கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து, மாங்கல்ய தாரணம் நடக்கும்போது பின்னால் யாரோ ஜட்டியோடு நடந்து போனால் போகாதே என்று சொல்ல முடியாது. தை மாதம் வடக்கேயிருந்து அடிக்கும் காற்றில் ஹோமத் தீயும் நிற்காது. பலாப்பாவுக்குள் வைக்கலாமா என்று கேட்டேன். பலாப்பா என்றால் வேறொன்றுமில்லை, நம் கீற்றுக் கொட்டகைதான். ஓலைக் கூரைக்கடியில் நெருப்பா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கேட்டிருக்கவே கூடாது. கடைசியில் தோட்டத்தில், இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து முடித்தோம்.

கிடைக்காது என்று நாங்கள் பயந்ததெல்லாம்தான் கிடைத்தது. மாலைக்குச் சம்பங்கி வேண்டுமே என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தார், அது மெக்சிகோவையே பூர்வீகமாகக் கொண்ட பூ, வாளி வாளியாக வந்தது. துலுக்கச் சாமந்திக்கும் அதுதான் சொந்த ஊர், ஆனால் பூக்காரப் பெண்மணி தயங்கினார். நவம்பர் முதல் வாரம் இறந்தவர்களுக்குப் படைக்கிற பூவாம் அது, கல்யாணத்துக்கா என்றார். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாழையிலையும் அப்படித்தான். யுகடான் பக்கத்தில் பன்றி இறைச்சியை வாழையிலையில் பொதிந்து வேகவைக்கிறார்கள், அதனால் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. முந்தின நாள் சாப்பாட்டுக்கு இலை கேட்டோம், தணலில் வாட்டி, கைக்குட்டை அளவில் நறுக்கி வந்தது. அம்மா நேராகச் சமையலறைக்குள் போய், எவ்வளவு நீளம், நுனி எந்தப் பக்கம் என்று கைஜாடையிலேயே பாடம் எடுத்தார். மறுநாள் பந்தியில் அந்தப் பையன்கள் ஒரு இலையைக்கூடத் திருப்பிப் போடவில்லை.

மொத்தம் 160 இலை விழுந்தது. ஒருத்தரும் வராமல் இருக்கவில்லை.