குட்டி நடிகர்களின் கால்ஷீட்டும் அதற்குப் பிறகும்

கோலாலம்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் எடுக்கிறவர்கள் எட்டு வயதுப் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளையைத்தான் தேடுவார்கள். ஆள் சின்னதாகத் தெரியவேண்டும், வசனம் மட்டும் தடுமாறாமல் வரவேண்டும். இன்னொரு காரணம் பல். ஆறு, ஏழு வயதில் முன்பல் விழும். காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. ரவாங்கில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தால் அந்த வீட்டுக் காட்சிகள் எல்லாவற்றையும் மொத்தமாக முடித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவார்கள். நடுவில் பல் விழுந்துவிட்டால், கதவைத் திறக்கும்போது முழுப்பல், உள்ளே வந்து உட்காரும்போது ஓட்டைப்பல். பத்து வயதில் முன்பற்கள் முளைத்து நின்றுவிடும். பக்கவாட்டில் விழுவது கேமராவுக்குத் தெரியாது.

இந்த வசதிதான் பிற்பாடு வினையாகிறது. இரண்டு வயது குறைத்து நடித்த பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றில் திடீரென்று உயரம் கூடும், குரல் உடையும். கதையில் ‘பத்து ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட்டு வேறொரு இளைஞரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு “தம்பி, உன் பகுதி முடிஞ்சுருச்சு” என்று சொல்கிறவர் யாருமில்லை. வாட்ஸ்அப்பில் அடுத்த ஷெட்யூல் வராது, அவ்வளவுதான்.

முன்னாள் குழந்தை நட்சத்திரம் என்றாலே புகழ் போதை, கெட்ட சகவாசம் என்று பேசுவது பத்திரிகைகளுக்குப் பழக்கம். செட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பாதிச் சிக்கல் படப்பிடிப்பு நடக்கும்போதே கால்ஷீட்டிலும் (யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எழுதிய தாள்) சம்பள வவுச்சரிலும் உருவாகிவிடுகிறது.

நேரத்திலிருந்து ஆரம்பிப்போம். மலேசியாவில் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 1966 இருக்கிறது. நாடகம், சினிமா போன்ற பொதுக் கேளிக்கை வேலைக்குப் பிள்ளைகளை அழைக்க இதன்கீழ் உரிமம் வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் 30 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். பள்ளி நாளென்றால் பள்ளி நேரத்தையும் சேர்த்து 7 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்ப்பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணிவாக்கில் முடிகிறது என்றால் மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதில் மேக்கப் அரை மணி, லைட் மாற்ற இருபது நிமிடம். ஒரு காட்சிகூட ஒழுங்காகத் தேறாது. ஆக, பள்ளி நாளில் பிள்ளையை வைத்து எடுக்கவே முடியாது என்பதுதான் சட்டத்தின் நேரடிக் கணக்கு. சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும்தான் வழி.

இரவு 8 முதல் காலை 7 வரை பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது என்ற விதி பொதுக் கேளிக்கைக்குப் பொருந்தாது. இந்த விலக்கை மட்டும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு விதி யார் வாயிலும் வருவதில்லை: வேலை முடிந்தபின் 14 மணி நேர இடைவெளி இல்லாமல் மறுபடி அழைக்கக்கூடாது. இரவு பத்துக்கு பேக்கப் என்றால் மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் கால்டைம். காலை ஏழு என்று எழுதிய கால்ஷீட்டைப் பார்த்ததும் அசிஸ்டன்ட் டைரக்டர் அந்த நேரத்தை அடித்துத் திருத்தவேண்டும். அடிக்காவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கும்.

படிப்பில் விழும் அடி மெதுவாகத்தான் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அவன் ஒரு சின்ன ராஜா. ஆசிரியர்களே செல்ஃபி எடுப்பார்கள். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் பாடமெல்லாம் மலாயில், வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் நாடகமே தெரியாது. தெரிந்த பிள்ளைகள் பழைய வசனத்தைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். அதே வருடம்தான் வாய்ப்பும் குறைகிறது. மூன்றும் ஒன்றாக வந்து விழுவதை வீட்டில் ‘வயசுக் கோளாறு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் மலாய்மொழியும் வரலாறும் தேறாமல் சான்றிதழ் கிடையாது. நாலாம், ஐந்தாம் ஆண்டுகளில் தவறவிட்ட மலாய் வகுப்புகள் அங்கே வந்து கணக்குக் கேட்கும்.

தொழில் பக்கம் வருவோம். அழுகைக் காட்சிக்குச் சிலர் கையாளும் குறுக்குவழி, “அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு கேமராவை ஓடவிடுவது. ஒரு டேக்குக்கு வேலை செய்யும், இரண்டாவதற்கும் செய்யலாம். அதன்பிறகு பிள்ளை டைரக்டரையும் நம்பாது, அம்மாவையும் நம்பாது. கிளிசரினைக் கண்ணுக்குள் விட்டால் எரிச்சல், சிவப்பு, அன்றைக்கு மீதிக் காட்சிகள் போச்சு. குளோஸ்அப்புக்குக் கன்னத்தில், கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே, காதுகுடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு வைத்தாலே போதும். மூச்சை எப்படி இழுத்து விடுவது, பார்வையை எப்போது கீழே இறக்குவது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் மிச்சத்தைப் பிள்ளையே செய்யும்.

அந்தப் பத்து நிமிடம்தான் யாரிடமும் இருப்பதில்லை. வசனமும் அப்படித்தான்: கேமராவுக்குப் பின்னாலிருந்து அசிஸ்டன்ட் ஒரு வரி சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்லும், எடிட்டிங்கில் அசிஸ்டன்ட் குரலை வெட்டிவிடுவார்கள். ஐந்து வருடம் திரையில் இருந்தும் பிள்ளை ஒரு ஸ்கிரிப்டை முழுசாக வாசித்திருக்காது. இருபது வயதில் ஆடிஷனில் நாலு பக்கத்தைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் தந்தால் கை நடுங்குகிறது. ‘சின்ன வயசுல நல்லா நடிச்சானே’ என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். சின்ன வயதில் அவனுக்கு யாரும் நடிக்கக் கற்றுத்தரவில்லை. இருந்தபடியே படம் பிடித்தார்கள். முதல் வாரமே ஸ்கிரிப்டைக் கொடுத்து, தன் வரிகளைப் பென்சிலால் கோடிடச் சொல்லும் யூனிட்டில் வளர்ந்த பிள்ளைகள் பிற்பாடு டப்பிங்கிலோ வானொலியிலோ நின்றுவிடுகிறார்கள். இது எங்கள் பார்வையில் பட்டவரை சொல்வது.

பணம். கலிபோர்னியாவில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் தன் சம்பாத்தியத்துக்காகப் பெற்ற தாய்மேலேயே வழக்குப் போட்டதால் 1939-இல் ஒரு சட்டம் வந்தது. இன்று அங்கே பிள்ளையின் மொத்த ஊதியத்தில் 15 விழுக்காடு தனிக் கணக்கில் பூட்டப்படவேண்டும். அப்படியும் தொலைக்காட்சி நட்சத்திரம் கேரி கோல்மன் 1989-இல் பெற்றோர்மேல் வழக்குத் தொடுக்கவேண்டி வந்தது. பின்னாளில் அவர் காவலாளி வேலையும் பார்த்தார். இந்தியாவில் 2017 விதிகளின்படி 20 விழுக்காட்டைப் பிள்ளை பேரில் நிரந்தர வைப்பில் போடவேண்டும். நம் 1966 சட்டத்தில் மணிக்கணக்கு இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை.

இங்கே தொகை சின்னது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. நாளுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்), 30 நாள் என்று வைத்துக்கொண்டால் 4,500 வெள்ளி. சிரம்பானிலிருந்து கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலுக்கு வந்துபோகும் பெட்ரோலும் டோலும் அதில் போகும். துணி மூன்று செட் வீட்டிலிருந்து வரவேண்டும், கன்டினியூட்டிக்காக (காட்சிக்குக் காட்சி உடை பொருந்திவர) அந்த மூன்று செட்டையும் நாடகம் முடியும்வரை வெளியில் போட முடியாது. பணமோ, தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்தபிறகுதான் கைக்கு வரும்; சில மாதங்கள் ஆகலாம். பெற்றோர் தின்றுவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கைக்காசு போட்டவர்களே அதிகம். ஆனால் அப்பா கணக்கில் விழுந்த பணத்துக்குப் பதினெட்டு வயதில் பிள்ளையிடம் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பாதியையாவது பிள்ளை பேரில் தொடங்கிய கணக்கில் அன்றன்றே போட்டு, வவுச்சர் நகலை ஒரு கோப்பில் வைத்தால் போதும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற சண்டை பிற்பாடு வராது.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு விஷயம், பெற்றோர் பலருக்குத் தெரியாதது. அதே 1966 சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி பிள்ளை தன் பேரிலேயே வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், சம்பளம் வராவிட்டால் தானே வழக்கும் தொடுக்கலாம். ஒப்பந்தத்தை மீறினான் என்று பிள்ளையிடம் நட்டஈடு கேட்க முடியாது. ‘நடுவில் நின்றால் செலவை நீங்கள்தான் கட்டணும்’ என்று தயாரிப்புத் தரப்பு மிரட்டினால் இந்தப் பிரிவைக் காட்டலாம். நட்டம் வந்தால் நானே ஏற்கிறேன் என்று அப்பா தனியாகக் கையெழுத்திட்ட பொறுப்புறுதித் தாள் வேறு கதை. அதை வாசிக்காமல் கையெழுத்திடக்கூடாது. மறு ஒளிபரப்பு, யூடியூப், டிக்டாக் துணுக்குகள் யாருக்குச் சொந்தம் என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வேலைக்கான நேர்முகத்தில் எதிரே இருப்பவர், “நீங்கதானே அந்தக் குட்டிப் பையன்?” என்று எட்டு வயது வசனத்தைச் சொல்லிச் சிரிப்பது அந்த வரியின் விளைவுதான். பிற்பாடு வாய்ப்புத் தேடும்போது காட்ட, எடிட்டிங் முடிவதற்குள் பிள்ளையின் நல்ல காட்சிகள் மூன்று நிமிட அளவுக்குத் தனியாக வெட்டித் தரப்படும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வாங்கவேண்டும். நாடகம் முடிந்து ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ஹார்ட்டிஸ்க் எங்கே என்றே யாருக்கும் தெரியாது.