சூப்பர் அழைப்புக்கு முன்னால் லாம்டா எதைப் பிடித்துக்கொள்கிறது?

மூன்று நாளாக, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நாம் எழுதும் கோடை ஜாவா கம்பைலர் மாற்றி எழுதித் தரும் பைட்கோடை, அதாவது ஜாவா ஓட்டும் கட்டளைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: ஓர் ஆப்ஜெக்ட் பாதி உருவான நிலையில் இருக்கும்போது, உள்ளே எழுதிய கோடு வெளி கிளாஸை எப்படித் தொடுகிறது?

சோதனைக்கு 'கடை' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். அதில் 'பெயர்' என்ற ஃபீல்டு. அதற்குள் 'பில்' என்ற இன்னர் கிளாஸ், அதில் வரி (டாக்ஸ்) என்ற ஃபீல்டு, வரி = 18. பில்லின் தாய் கிளாஸ் 'தாள்'. தாளின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) 'அச்சிடு' என்ற மெத்தடைக் கூப்பிடும். பில் அதை ஓவர்ரைடு செய்து, அதாவது அதே மெத்தடைத் தன் விதத்தில் எழுதி, கடைப் பெயரையும் வரியையும் காட்டும்.

ஜாவா 21இல் ஓடவிட்டேன். பெயர் சரியாக வந்தது. வரி மட்டும் 0.

ஜாவாபி (javap) என்ற கருவியில் கிளாஸ் ஃபைலைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்தது. கன்ஸ்ட்ரக்டரின் முதல் வேலையே, வெளி கடையை 'திஸ்$0' என்ற மறைவான ஃபீல்டில் போடுவது. அடுத்துதான் சூப்பர், அதாவது தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவது. வரியில் 18 ஏறுவது அதற்கும் பிறகு. சூப்பருக்கு முன் சொந்த கிளாஸின் ஃபீல்டில் எழுத, பைட்கோடை ஓட்டும் ஜேவிஎம் எப்போதோ இடம் கொடுத்திருக்கிறது. ஜாவா மொழிதான் நம்மை விடவில்லை. இந்த வரிசையும் 1.4 டார்கெட்டோடு, அதாவது ஜாவா 1.4இல் ஓடுவதற்கென்று கம்பைல் செய்வதோடு வந்ததுதான். அதற்கு முன் திஸ்$0 சூப்பருக்குப் பிறகே நிரம்பும், இதே புரோகிராம் நல் பாயிண்டரில் (காலியாக இருப்பதைத் தொட்டால் வரும் எரர்) விழுந்திருக்கும்.

அப்புறம் லாம்டா, அதாவது பெயர் வைக்காமல் எழுதி, ஒரு மதிப்பைப் போலக் கையில் கொடுக்கும் குட்டி ஃபங்ஷன். தாளின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு சப்ளையரை (கூப்பிட்டால் ஒரு மதிப்பைத் தருவது) வாங்கும்படி மாற்றி, சூப்பரின் அடைப்புக்குள்ளேயே 'பெயர்' தரும் லாம்டாவை எழுதினேன். கம்பைல் ஆனது. உள்ளே பார்த்தால், லாம்டாவின் உடல் தனி ஸ்டாட்டிக் மெத்தடாக (திஸ் இல்லாமலே ஓடும் மெத்தட்) மாறி, கடையைப் பாராமீட்டராக வாங்குகிறது. கன்ஸ்ட்ரக்டருக்கு மறைவாக வரும் கடையையே கம்பைலர் நேராக அதற்குக் கொடுத்துவிடுகிறது. திஸ்$0 பக்கமே போகவில்லை. போகவும் முடியாது. ஃபீல்டைப் படிக்க திஸ், அதாவது உருவாகிக்கொண்டிருக்கும் பில் ஆப்ஜெக்ட் வேண்டும். அந்தக் கட்டத்தில் திஸ் இன்னும் தயாராகாதது என்று, பைட்கோடைச் சரிபார்க்கும் வெரிஃபையர் குறித்து வைத்திருக்கும், அதை யார் கையிலும் கொடுக்க விடாது. எனக்கு இந்த மூன்று நாளில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பெயருக்குப் பதில் 'வரி' என்று எழுதினால் உடனே கம்பைல் எரர். அதே லாம்டாவைச் சூப்பருக்குக் கீழே நகர்த்தினால் சரியாகிவிடுகிறது, ஆனால் இப்போது அது ஸ்டாட்டிக் இல்லை: பிடிப்பது வரியின் மதிப்பை அல்ல, திஸ்ஸை முழுதாக. பின்னால் வரியை 5 ஆக்கிவிட்டு லாம்டாவைக் கூப்பிட்டேன், 5 வந்தது.

இடையில் ஒன்று: இன்னர் கிளாஸ் வெளி கிளாஸைத் தொடவே இல்லையென்றால், ஜாவா 18 முதல் கம்பைலர் திஸ்$0 ஃபீல்டையே விட்டுவிடுகிறது. பில் உயிரோடிருக்கும்வரை கடையும் மெமரியில் தேங்கி நிற்கும் தொல்லை இதனால் குறைகிறது.

கடைசியாக, ஜாவா 25க்கு மாறினேன். அதில் சூப்பருக்கு முன்னாலேயே சொந்த ஃபீல்டில் எழுதலாம், அந்த ஃபீல்டை அறிவிக்கும் இடத்தில் மதிப்பு கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். படிக்க மட்டும் இன்னும் அனுமதி இல்லை. வரி = 18 என்பதைச் சூப்பருக்கு மேலே ஏற்றிவிட்டு, முதல் சோதனையைத் திரும்ப ஓடவிட்டேன். கடைப் பெயரும் வந்தது, 18உம் வந்தது.