அக்கியும் பென்டிரைவும்

சின்னம்மை வந்து போனவர்களின் உடலில் அந்த வைரஸ் இன்னமும் இருக்கிறது. கொப்புளம் உதிர்ந்து தழும்பு மங்கிய பிறகும் அது வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பல வருடம் கழித்து, வயதாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. எனக்கு வந்தது. அது ஆறுவதற்குள் மடிக்கணினிக்கும் ஒரு வைரஸ் வந்து சேர்ந்தது. இரண்டையும் கடந்து வந்த விவரம் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

அக்கியில் முதலில் வருவது கொப்புளம் அல்ல, வலி. இடது விலாவில் ஒரு பட்டை அகலத்துக்கு எரிந்துகொண்டே இருந்தது. சட்டைத் துணி உரசினால்கூடச் சுருக்கென்றது. தசைப்பிடிப்பாக இருக்கும் என்றார்கள் வீட்டில். சில நாளில் அதே இடத்தில் சிவந்து, நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பின. முதுகுத்தண்டில் தொடங்கி மார்பின் நடுவே வந்து, கோடு போட்டது போல அப்படியே நின்றுவிட்டன. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் அதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இரத்தப் பரிசோதனை எதுவும் நோயைக் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: “கொப்புளம் எப்போது ஆரம்பித்தது? நேற்றா, முந்தாநாளா? சரியாக யோசித்துச் சொல்லுங்கள்.”

காரணம் இருக்கிறது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன். எனக்கு எழுதியது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும், அதனால் இதைப் பார்த்து யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.) தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று கேட்டேன். அது பாக்டீரியாவுக்கானது, கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்தால் அப்போது பார்க்கலாம் என்றார்.

படுத்துக்கிடந்த நேரத்தில் அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, மனிதர்கள் கண்டுபிடித்த நல்ல தந்திரங்களில் இதுவும் ஒன்று. வைரஸ் பெருக வேண்டுமென்றால் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுத்தாக வேண்டும். அசைக்ளோவிர் அந்த டிஎன்ஏவின் ஒரு கட்டுமானத் துண்டைப் போலவே தோற்றம் கொண்டது. ஆனால் மேல்பக்கம் வழுக்கும் போலிச் செங்கல். அதை வைத்துவிட்டால் அடுத்த கல் அதன்மேல் நிற்காது, சுவர் அங்கேயே முடிந்தது. இதைவிட அழகான விஷயம், அந்தப் போலிச் செங்கலைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவதே வைரஸின் சொந்த நொதிதான். அதனால் வைரஸ் புகாத செல்களில் மருந்து பெரும்பாலும் சும்மா இருக்கிறது. இந்த மருந்துக்கு வழிவகுத்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் தூங்கும் வைரஸ் பிரதி எடுப்பதில்லை. எனவே அதை இந்த மருந்து தொடவே தொடாது. மருத்துவரிடம் “முழுசாப் போயிடுமா?” என்று கேட்டதற்கு, “அடங்கிவிடும்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்கும் தடுப்பூசி போடாதவர்களுக்கும் சின்னம்மையாக வரலாம். என் தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள், அவளுக்குச் சின்னம்மை வந்ததாக யாருக்கும் நினைவில்லை. பொருக்குத் தட்டும்வரை இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டோம். கொப்புளங்களைத் துணியால் மூடியே வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா, பொழுதுபோகட்டும் என்று குடும்பப் புகைப்படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பினார். திறந்தால் புகைப்படக் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக இருந்தன. அழுத்தினால் படங்கள் வரத்தான் செய்தன, கூடவே ஒரு ஸ்கிரிப்டும் (கட்டளைகள் அடங்கிய சிறு நிரல்) சத்தமில்லாமல் ஓடியது. அடுத்து என் சொந்தப் பென்டிரைவைச் செருகியபோது அதிலும் எல்லாம் ஷார்ட்கட். உண்மையான கோப்புறைகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். பழைய வித்தை. 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ் ஃபிளாப்பிகளில் ஏறி ஊர் ஊராகப் போனது. இன்றைக்கு ஃபிளாப்பி இல்லை, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் வைஃபையை அணைத்தேன். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபென்டர் முழு ஸ்கேனில் ஸ்கிரிப்ட் கோப்பைப் பிடித்து நீக்கியது. கணினியை மறுபடி தொடங்கியதும் அதே கோப்பு அதே இடத்தில். சரி, எங்கோ ஒன்று படுத்திருக்கிறது என்று புரிந்தது. கணினி ஆரம்பிக்கும்போது தானாக ஓடுபவை எழுதப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரி இடத்தைப் பார்த்தேன், ஸ்டார்ட்அப் கோப்புறையைப் பார்த்தேன், இரண்டும் சுத்தம். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணி கிடைத்தது. ஏதோ அப்டேட் என்பது போல அப்பாவியான பெயர். திறந்து அது எதை இயக்குகிறது என்று பார்த்தால், பயனர் கணக்கில் நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டாவுக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டும் வரி. அப்டேட்டுக்கு அங்கே என்ன வேலை? அந்தப் பணியை நீக்கி, கோப்புறையை அழித்து, டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டினேன். அது விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்பவற்றுக்கு அவகாசம் குறைவு. அப்புறம் திரும்பி வரவில்லை.

இங்கேதான் எனக்கு இரண்டு வைரஸும் வேறு வேறு என்று உறைத்தது. உடம்பில் ‘அடங்கிவிட்டது’ என்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான், வேறு வழி இல்லை. கணினியில் அப்படி இருக்க எந்த அவசியமும் இல்லை. ஒரு பணியைக் கண்டுபிடித்தேன், இன்னொன்று இல்லை என்று எப்படிச் சொல்வது? வேறொரு சுத்தமான கணினியில் விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பி தயாரித்து, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிரல் கோப்பு ஒன்றைக்கூட எடுக்காமல், வட்டின் பிரிவுகளை அழித்துப் புதிதாக நிறுவினேன். பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களைக் கைபேசியிலிருந்து மாற்றினேன், மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் முதலில். இது சலிப்பான வேலை. ஆனால் கடவுச்சொல் ஏற்கனவே களவு போயிருந்தால், கணினியைத் துடைத்து மட்டும் என்ன லாபம்?

அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையும் முன்பதிவுகளையும் ரத்து செய்ய வேண்டியிருந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. கணினி வைரஸ் உடம்பை ஒன்றும் செய்யாது என்று அன்று ஆம்புலன்ஸில் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் சொல்ல முடியாது.

விலாவில் தழும்பு மங்கிவிட்டது. நரம்பு வலி அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இழுத்தது, அதற்குத் தனியாக மாத்திரை. வயது கூடக்கூட இந்த வலி நீடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஐம்பது தாண்டியவர்களுக்கு அக்கிக்கான தடுப்பூசி இருக்கிறது, 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 டோஸ். ஒருமுறை அக்கி வந்தவர்களும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

சித்தப்பாவை அழைத்து, அவருடைய கணினியையும் சுத்தம் செய்யச் சொன்னேன். “எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லையேப்பா, நல்லாத்தானே ஓடுது” என்றார். நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.