கடைசி பேட்ச்

28 நவம்பர் 2025
ஒருவழியாக எந்தப் பள்ளி என்று முடிவாகிவிட்டது. மகள் ஆகஸ்டில் ஒரு சுற்று, அக்டோபரில் ஒரு சுற்று எழுதி, சிங்கப்பூரில் மிகத் திறமையான பிள்ளைகளுக்கென நடக்கும் மீத்திறன் கல்வித் திட்டத்துக்குத் தேர்வானாள். அதை நடத்தும் தொடக்கப்பள்ளிகள் 9 என்று பெயர்தான், தமிழ் படிக்கிற பெண்பிள்ளைக்கு அது 9 இல்லை. நான்கு சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள், அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம்தான். இன்னொன்று ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். மிச்சம் 4. அதில் எங்களுக்குக் கிட்ட இருப்பதே, எங்கள் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து பஸ்ஸில் 40 நிமிடம். இப்போதைய பள்ளியோ, எங்கள் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கினால் எதிரே.

அத்தை கேட்டார், "நல்லாத்தானே படிக்கிறா, எதுக்கு மாத்தணும்?" நியாயமான கேள்வி. 1984-இல் ஆரம்பித்த திட்டத்தை இப்போதுள்ள வடிவில் நிறுத்தப்போவதாகப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணியில் சொல்லிவிட்டார். 2027-இல் தொடக்கநிலை 4, அதாவது நான்காம் வகுப்பு, போகிற பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம், அவரவர் பள்ளியிலேயே வாய்ப்பு. ஒரு வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்தே நடந்திருக்காது. கடைசியில் அவளையே கேட்டோம். "போறேன்மா, அங்க லைப்ரரி பெருசு." அவ்வளவுதான் காரணம்!

21 டிசம்பர்
சீருடை வாங்கியாச்சு. குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ 'ஜீனியஸ்' என்று போட்டு, கீழே பதினைந்து கைதட்டல். அதைப் படித்துவிட்டு, "நான் தப்பு பண்ணா என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள். போனை வாங்கி வைத்துவிட்டேன், பதில் சொல்லத் தெரியவில்லை.

2 ஜனவரி 2026
5.20-க்கு எழுப்பினேன். ரீசஸில் தனியாகச் சாப்பிட்டாளாம். வேறெதுவும் சொல்லவில்லை.

9 ஜனவரி
பையின் அடியில் நான்காக மடித்த கணக்குத் தாள். 20-க்கு 11. பழைய பள்ளியில் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். நானும் பார்த்ததும் முதலில் கேட்டது, "மத்தவங்க எவ்வளவு?" வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது, அதற்குள் அவள் அறைக்குள் போய்விட்டாள்.

ராத்திரி சமாதானமாகி ஒரு கணக்கைக் காட்டினாள். 15-ஐ அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம்? 7+8, 4+5+6, 1+2+3+4+5, மூன்றும் வந்துவிட்டன. அடுத்த வரிதான் வில்லங்கம்: 16-ஐ ஏன் அப்படி எழுத முடியாது? கணக்கைக் கட்டங்களாக வரையும் 'மாடல்' முறையில் பழகிய கைக்கு, இதில் எந்தக் கட்டத்தை வரைவது என்று தெரியவில்லை. எனக்கும்தான். என் கணவர் போனை எடுத்தார். "அப்பா, தேடாதீங்க!" என்று கத்தினாள். இரண்டு வாரமாக அவளிடம் நான் கேட்காத குரல்.

இதுதான் வித்தியாசம் போல. மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவதில்லை, அதே பாடத்தில் தோண்டச் சொல்கிறார்கள், தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ-யும் எல்லாருக்கும் உள்ள அதே தேர்வுதான். பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் வைக்கச் சொல்கிறார். 16-க்கு எந்த டியூஷன்?

15 ஜனவரி
பொங்கல், ஆனால் பள்ளி உண்டு. சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் கொடுத்தனுப்பினேன். தமிழ் வகுப்பில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள், அங்கே ஒரு பெண்ணோடு பாதிப் பாதி சாப்பிட்டாளாம். முந்திரி முழுக்க அந்தப் பெண்ணுக்கு!

27 ஜனவரி
பஸ்ஸில் வரும்போதே கண்டுபிடித்துவிட்டாளாம், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள். "அம்மா, 4 வராது, 8 வராது, 16 வராது. 32-உம் வராது, நான் போட்டுப் பார்த்துட்டேன்." ஏன் என்றேன். "அது இன்னும் தெரியல. நீங்களும் யோசிங்க, ஆனா எனக்குச் சொல்லக்கூடாது."

தோசைக்கு ஊற்றும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.